இரும்பு ஏணியில் அறுபது தட்டு

நேற்றுக் காலையில் எங்கள் தெருவுக்கு பிளீச்சிங் பவுடர் போட வந்தார்கள். நான்கு நாள் மழையில் சாக்கடை எது, தெரு எது என்று தெரியாமல் போயிருந்தது. காலரா வந்துவிடும் என்று யாரோ மனு எழுதிப்போட, மாநகராட்சி ஆட்கள் இரண்டு பேர் ஒரு வாளியோடு வந்து, சுண்டலுக்கு உப்புப் போடுவதுபோலத் தூவிவிட்டுப் போனார்கள். நான் வேலைக்குக் கிளம்பி வாசலில் நின்று சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் கை அப்படியே நின்றுவிட்டது.

"இன்னாயா, வாசல்ல நின்னுகினு இன்னாத்த எண்ணிகினு கீறே?" என்றாள் என் மனைவி.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒன்றுமில்லை என்றேன். அவள் உன்னைப் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே நீ போய்விட்டாய். காலேஜில் எனக்கு ஒரு தோஸ்து இருந்தான், துறைமுகத்தில் செத்துப்போனான், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். உன் கதையைச் சொல்லத் தொடங்கினால் என் கதையையும் சொல்லவேண்டி வரும். அந்தத் தைரியம் இல்லாமல்தான் உனக்கே எழுதுகிறேன். உன்னிடம் பொய் சொல்லிப் பிரயோசனமில்லை.

அது நம் குளத்து வாடை. கடற்கரையோரம் இருந்த மாநகராட்சி நீச்சல் குளத்தில் காலை ஆறு மணிக்குக் கல்லூரி அணிக்குப் பயிற்சி. ராயபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில், துறைமுகத்துக்குப் போகிற கூலிக்காரர்களுக்கு நடுவே ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு போவோம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு துண்டு. அணியில் மற்றவர்கள் எல்லாரும் தெற்கே பெரிய வீடுகளிலிருந்து வருகிறவர்கள், சின்ன வயதிலேயே பணம் கட்டி நீச்சல் கற்றவர்கள். நாம் மாதா கோயிலுக்குப் பின்னால் கடலில் விழுந்து கற்றவர்கள். முதல் நாள் நாம் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு நீந்தியதைப் பார்த்து மாஸ்டர் இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். "எந்த ஊர் எருமைங்கடா நீங்க?" என்றார். அவருக்கு என்ன தெரியும்? நம் பேட்டைக் கடலில் கட்டை மிதக்கும், எண்ணெய் மிதக்கும், சில நாள் செத்த நாயும் மிதக்கும். அங்கே முகத்தைத் தண்ணீருக்குள் விடுகிறவன்தான் முட்டாள்.

ஒரு வருஷத்தில் முகத்தை உள்ளே வைத்து நீந்தப் பழகிவிட்டோம். நீ மட்டும் ஒரு பழக்கத்தை விடவில்லை. வடக்கே பார்த்து நீந்துகிறபோது வலது பக்கம் அலை அடிக்கும் என்பதால், கரை இருக்கிற இடது பக்கம் மட்டுமே திரும்பி மூச்சு வாங்கிப் பழகியவன் நீ. அலையே இல்லாத குளத்திலும் இடது பக்கம்தான் திரும்புவாய். மாஸ்டர் தலைகீழாக நின்று பார்த்தும் மாறவில்லை.

அந்த வருஷம் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் கல்லூரிகளை மூடிவிட்டார்கள். வேலை இல்லாத இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நெட்டுக்குப்பத்தில் என் சித்தப்பா வீட்டுக்கு நண்டு சாப்பிடப் போனோம். அப்போது அந்தப் பக்கம் அனல் மின் நிலையம் வரவில்லை. மணலும் முகத்துவாரமும் வலை காயும் கம்பங்களும்தான். தட்டில் கைவைத்த நேரத்தில் வெளியே கூச்சல் கேட்டது. விம்கோ நகர்ப் பக்கத்திலிருந்து குளிக்க வந்த ஒரு தொழிலாளி, முகத்துவாரத்தில் இறங்கியவன் மேலே வரவில்லை. ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. குப்பத்து ஆட்களில் பாதிப் பேர் கடலுக்குப் போயிருந்தார்கள்.

"காலேஜ்ல நீஞ்சிகினு கீற பசங்கோ நம்மூட்டுலியே கீறானுங்கோ. எறக்குங்கடா" என்றார் சித்தப்பா.

பிணம் தேடுவதற்கு அங்கே ஒரு முறை உண்டு. ஒருவன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு முழுகுவான். இன்னொருவன் கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு எண்ணுவான். அறுபது வந்ததும் இழுப்பான். கயிறு பிடித்தவன் யாரோடும் பேசக் கூடாது, வேறு எங்கேயும் பார்க்கக் கூடாது. கீழே இருக்கிறவனின் உயிர் அந்த எண்ணிக்கையில் இருக்கிறது என்று சித்தப்பா சொன்னார்.

எனக்கு மூச்சு அதிகம் என்பதால் முதலில் நான் இறங்கினேன். நீ கயிற்றைப் பிடித்தாய். சேறு கலங்கிய தண்ணீர், கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். கையால் துழாவித் துழாவிப் போனேன். மூன்றாம் முறை என் முகம் அவன் முகத்தில் முட்டியது. கை படவில்லை, கால் படவில்லை. முகத்தோடு முகம். அவன் மீசை என் உதட்டில் பட்டது. நான் தண்ணீருக்குள்ளேயே அலறினேன், வாய் நிறையத் தண்ணீர் போயிற்று. கயிறு ஒரு மாதிரியாக வெட்டியதை உன் கை கண்டுபிடித்துவிட்டது. அறுபதுக்குக் காத்திராமல் நீ என்னை இழுத்துக் கரையில் போட்டாய்.

பிறகு நீ கயிற்றை உன் இடுப்பில் கட்டிக்கொண்டு நுனியை என் கையில் வைத்தாய். "எண்ணு மாமு" என்றாய். அவ்வளவுதான் நீ கேட்டது.

இருபது வரை எண்ணினேன் என்று நினைக்கிறேன். கரையில் உட்கார்ந்திருந்த, செத்தவனின் பெண்டாட்டி என் உதட்டையே பார்ப்பதுபோல இருந்தது. வாந்தி வந்தது. மண்டியிட்டுக் குனிந்தபோது கயிறு என் கையில் இல்லை. அது தண்ணீரில் நெளிந்துகொண்டு போவதைப் பார்த்தேன். எழுந்து பிடிக்க வேண்டும் என்று தெரிந்தது. உடம்பு எழவில்லை. நீயாகவே, அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே வந்தாய். உன் கண் ரத்தச் சிவப்பாக இருந்தது. தனியாக மிதந்துகொண்டிருந்த கயிற்றைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய்.

சித்தப்பா ஓடி வந்து என் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார். அடுத்ததுக்குக் கை தூக்கியபோது நீ மூச்சு இரைக்க இடையில் வந்து நின்றாய். "வுடு சித்தப்பா. கயிறு வழுக்கிச்சு."

அதைப் பற்றி நீ பேசிய கடைசி வார்த்தை அதுதான். ஒருநாளாவது என்னைத் திட்டியிருக்கலாம். திட்டாமல் விட்டதுதான் என்னை இன்னமும் உறுத்துகிறது.

அதன்பிறகு எனக்கு முகத்தில் தண்ணீர் ஆகாது என்றாகிவிட்டது. கழுத்துக்குக் கீழே மட்டும் குளிப்பேன். முகத்தை ஈரத் துணியால் துடைத்துக்கொள்வேன். என் அக்கா குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, சாமியார் அதன் நெற்றியில் தண்ணீர் ஊற்றியபோது நான் கோயிலை விட்டு வெளியே ஓடினேன். கல்லூரி திறந்தது. பயிற்சி தொடங்கியது. நான் போகவில்லை. எனக்கு மஞ்சள் காமாலை என்று மாஸ்டரிடம் நீதான் கதை கட்டினாய். கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது, மோர்ச்சோறு மட்டும் சாப்பிடுவது என்று நீ சொன்ன விவரத்தில் உருகிப்போய் அந்த மனிதர் எனக்கு ஒரு பாட்டில் குளூக்கோஸ் கொடுத்தனுப்பினார். அதைப் பாதி வழியிலேயே நீ தின்றுவிட்டு மீதியைக் கொண்டுவந்தாய்.

ஏழு மாதம் அப்படிப் போயிற்று. ஒருநாள் விடியற்காலையில் என் பாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றாய்.

"மதியம் வரிக்கும் தூங்கிகினு கீறான்பா. இட்டுகினு போ, உனக்குப் புண்ணியமா போவும்" என்று என் அம்மா உன்னிடம் மூக்கைச் சிந்தினாள்.

"மாமு, எய்ந்திரு. மஞ்சக்காமாலை இன்னியோட முடிஞ்சிபோச்சு" என்றாய்.

"என்னால முடியாதுடா பாய்."

"முடியலன்னா அங்க வந்து முடியலன்னு சொல்லு. படுத்துகினு சொல்லாத."

ஏழு மாதத்துக்குப் பிறகு குளத்தருகே நின்ற அந்தக் காலை எனக்கு அணு அணுவாக ஞாபகம் இருக்கிறது. நீச்சல் டிராயர் இடுப்பில் ஏறவில்லை. தொப்பை விழுந்திருந்தது. "வாடா காமாலை" என்றான் ஒருவன். பிளீச்சிங் வாடை குப்பென்று அடித்தது. ஆழம் குறைந்த பக்கமாக ஏணி வழியே, கிழவன் ஆற்றில் இறங்குவதுபோல இறங்கினேன். தலையைத் தூக்கிக்கொண்டு பாதிக் குளம் போவதற்குள் தோள் கழன்றுவிடும்போல ஆகிவிட்டது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ சிரித்தான். அப்போது பக்கத்து லேனில் நீ வந்தாய். நீயும் தலையைத் தூக்கிக்கொண்டு நீந்தினாய். அணியிலேயே மூன்றாவது வேகக்காரன், முதல் நாள் பேட்டைப் பையனைப்போலத் தலையை ஆட்டி ஆட்டி என் கூடவே வந்தாய்.

"ஒரு எருமையே தாங்கலை, ரெண்டாவது எருமை எதுக்கு?" என்று மாஸ்டர் கத்தினார். நான்கு நாள் பார்த்தார். அப்புறம் எனக்குத் தண்ணீர் தெளித்துவிட்டார். அணி பயிற்சி செய்யும்போது நான் குறுக்கே வரக் கூடாது, ஓரத்து ஏணிப் பக்கம் என்னவோ செய்துகொள்ளட்டும் என்றார்.

மறுநாள் நீ ஒரு போல்ட் கொண்டுவந்தாய். அரை அடி நீளம், கட்டைவிரல் தடிமன், கப்பலில் கழற்றியது. அத்தா என்று நீ கூப்பிடுகிற உன் அப்பாவுக்குக் கப்பல் துரு தட்டுகிற வேலை. இரும்புத் தட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவனும் இந்தப் பக்கம் இருப்பவனும் சுத்தியலால் தட்டித்தான் பேசிக்கொள்வார்கள் என்றும், தண்ணீருக்கு அடியில் பாசி சுரண்டுகிறவனுக்குக்கூட அந்தச் சத்தம் கேட்கும் என்றும் நீ சொல்லியிருக்கிறாய்.

"ஏணியப் புடிச்சிகினு மூஞ்ச உள்ள வை. நான் மேல தட்டிகினே இருப்பேன். அறுவது தட்டு. அதுக்கு முன்னாடி நிறுத்தமாட்டேன். சத்தம் வர்ற வரிக்கும் நான் கீறேன்."

முகத்தை வைத்தேன். டங். அந்தச் சத்தம் காதில் கேட்கவில்லை, பல்லில் கேட்டது. டங். கண்ணை மூடியதும் மீசை வந்து உதட்டில் உரசியது. நாலாவது தட்டில் தலையைத் தூக்கிவிட்டேன். இருமினேன், அழுதேன், ஏணியைப் பிடித்துக்கொண்டு உன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். நீ தட்டுவதை நிறுத்தவில்லை. ஐந்து, ஆறு, ஏழு என்று தட்டிக்கொண்டே இருந்தாய். நான் ஏறி, உடம்பைத் துவட்டி, படியில் உட்கார்ந்த பிறகும் யாரும் இல்லாத தண்ணீருக்குத் தட்டினாய். பையன்கள் உன்னைப் பைத்தியம் என்றார்கள். அறுபது முடிந்த பிறகுதான் போல்ட்டைக் கீழே வைத்தாய். ஏன் அறுபது என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் நம் இரண்டு பேருக்கும் இல்லை.

நாலு, ஏழானது. ஏழு, பதினொன்றானது. நடுவில் ஒரு வாரம் மறுபடியும் மூன்றுக்குப் போனேன். இருபதைத் தொட்ட அன்று பஸ்ஸில் எனக்குச் சோடா வாங்கிக்கொடுப்பதாகச் சொல்லிவிட்டு இறங்கியதும் மறந்துவிட்டாய். ஒரு மாதத்துக்குமேல் ஆயிற்று அறுபதுக்கு. ஏணியை விட்டுவிட்டு முகத்தை உள்ளே வைத்து முதல்முறை ஒரு முழு நீளம் நீந்திய அன்று, குளம் ஆழமாகிற இடத்தில் அந்த முகத்துவாரத்து ஆள் வந்தான். அவன் போகவே இல்லை, இன்றுவரைக்கும் போகவில்லை. உன் தட்டைப் பிடித்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போகக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். தைரியம் வந்துவிட்டது என்று மற்றவர்கள் முதுகில் தட்டினார்கள். தைரியமாவது மண்ணாவது.

ஆனால் அத்தனை காலையும் நீ ஏணிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாய். உன் நீச்சல் போயிற்று. கார்த்திகையில் ரிலே அணிக்கு ஆள் பொறுக்கும்போது மூன்று பேர் உறுதி, நாலாவது இடத்துக்கு மாஸ்டர் நம் இரண்டு பேரையும் போட்டிக்கு விட்டார். நீ எனக்கு வலது பக்க லேன். திரும்பி வரும்போது, அந்தக் கடைசிப் பத்து கஜத்தில், நீ இரண்டு முறை வலது பக்கம் திரும்பி மூச்சு வாங்கினாய். போகும்போது இடது பக்கம் நான் இருந்தேன். திரும்பி வரும்போது நான் இருந்தது உன் வலது பக்கம். வாழ்நாளில் அந்தப் பக்கம் திரும்பாத நீ, நான் எங்கே வருகிறேன் என்று பார்த்தாய். நான் ஒரு கை முந்திச் சுவரைத் தொட்டேன்.

"வுட்டுக் குடுத்தியாடா?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"ஆமா, நீ எம் மாமியார் வூட்டு சீதனம் பாரு, வுட்டுக் குடுக்கறதுக்கு. மூச்சு வாங்குச்சு, தோத்தேன். மூடிகினு வா" என்றாய்.

நான் மூடிக்கொண்டு வந்தேன். எனக்கு வசதியாக இருந்தது, நம்பிக்கொண்டேன்.

கல்லூரி அணியில் நீந்தியவன் என்று ஒரு சரக்குக் கம்பெனி என்னை எடுத்துக்கொண்டது. அவர்களுக்கும் ஒரு நீச்சல் அணி வேண்டியிருந்தது. துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற டேலி கிளார்க் வேலை, நிழலில் நாற்காலி. உனக்கு இரண்டு பேப்பர் போயிற்று. அந்த வருஷம் உன் அத்தாவுக்குக் காது மந்தமாகி, தட்டினால் கேட்காத ஆளைக் கப்பலுக்குள் இறக்கமாட்டேன் என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டான். அவர் சுத்தியலை நீ எடுத்துக்கொண்டாய். போல்ட்டை என்னிடம் கொடுத்தாய்.

"இன்னாத்துக்கு எனக்கு?"

"நான் உள்ளார்ந்து தட்டுனா நீ பதில் குடுக்கணும்ல. வெறும் கையில தட்டுவியா?"

நான்கு வருஷம் அப்படித்தான் பேசிக்கொண்டோம். துரு தட்டுகிற சத்தம் சடசடவென்று மழைபோல வரும். அதற்கு நடுவே அது நின்று, நிதானமாக ஒன்று, இரண்டு என்று வந்தால் அது நீ. நான் கப்பலைக் கயிறு போட்டுக் கட்டுகிற இரும்புத் தூணில் போல்ட்டால் பதில் தட்டுவேன். நீ அறுபதை முடித்துவிட்டுத்தான் வேலைக்குத் திரும்புவாய். உன் மேஸ்திரி தலையில் அடித்துக்கொள்வான். மூட்டையை எண்ணிக்கொண்டே உன் தட்டையும் எண்ணுவது எனக்கு ஒரு சுமையாகவே தெரியவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். வராமல் இருக்கத்தான் இத்தனை சுற்றிவந்தேன்.

ஒரு பழைய பார்ஜ், சரக்கு ஏற்றுகிற தட்டைப் படகு, என் ஷெட்டுக்கு எதிரே கட்டியிருந்தது. மாதக்கணக்கில் மூடிக் கிடந்த அதன் அடித்தொட்டியில் நீ இறங்கினாய். மேலே ஆள் இறங்குகிற ஓட்டைக்குப் பக்கத்தில் ஒருவன் கயிறு பிடித்து நிற்க வேண்டும். கான்ட்ராக்டர் அவனை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டான் என்று பிறகு தெரிந்தது. மூடிய தொட்டியில் துரு காற்றைத் தின்றுவிடும் என்பதும், உள்ளே போகிறவனுக்கு மூச்சு முட்டுவதுகூடத் தெரியாமல் கை கால் கழன்றுவிடும் என்பதும் எனக்குப் பிறகு தெரிந்தவைதான்.

பத்து மணி இருக்கும். சடசட சத்தம் நின்றது. டங். டங். நான் சிரித்துக்கொண்டேன், அதுவும் ஞாபகம் இருக்கிறது. போல்ட்டை எடுத்துத் தூணில் பத்துத் தட்டு தட்டினேன். நீ தட்டிக்கொண்டிருந்தாய். இருபதுக்குமேல் இடைவெளி கூடியது. முப்பத்து மூன்று. முப்பத்து நாலு. அதோடு நின்றது.

நான் தலையைத் தூக்கிப் பார்ஜைப் பார்த்தேன். அறுபதுக்கு முன்னால் நீ ஒருநாளும் நிறுத்தியதில்லை. யாரும் இல்லாத தண்ணீருக்குக்கூட அறுபது தட்டியவன். அது எனக்குத் தெரியும், உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். நாற்பது அடி தூரம். "இன்னா சார், லாரி நிக்குது, எண்ணு சார்" என்றான் லாரிக்காரன். நான் மூட்டையைப் பார்த்துக் குனிந்தேன். மேஸ்திரி கூப்பிட்டிருப்பான் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைத்ததாகப் பிறகு சேர்த்துக்கொண்டேன். அந்த நேரத்தில் ஒன்றுமே நினைக்கவில்லை. எண்ணிக்கை நின்றதைக் கவனித்தேன், போகவில்லை.

உன்னை வெளியே எடுக்கும்போது மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. சுத்தியல் உன் கையிலேயே இருந்ததாம்.

மறுநாள் கபர்ஸ்தானில் எல்லாரும் மூன்று பிடி மண் போட்டார்கள். நானும் போட்டேன். வெளியே வந்தபோது உன் அத்தா என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். காது கேட்காதவர்கள் பேசுவதுபோல உரக்கத்தான் பேசினார்.

"ராயப்பா, எனக்குத்தான் காது போச்சு. நீ எதிர்லதான இருந்தே. அவன் தட்டாம பூட்டிருக்கமாட்டான். உனக்கு அறுவது தட்டுவானாமே. எதுனா சத்தம் கேட்டிச்சா?"

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை இல்லை என்று ஆட்டினேன். வாயால் சொல்லவில்லை, அவருக்குக் கேட்காது என்பதால் தலையை மட்டும் நன்றாக, இரண்டு முறை, ஆட்டினேன். அவர் என் கையை விட்டார். "அப்போ சட்டுனு பூட்டான். கஷ்டப்படல" என்றார். அதை ஓர் ஆறுதலாக அவர் எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு உன் தெருவுக்கு நான் போனதில்லை. மார்க்கெட்டுக்குப் போனால்கூட சுற்றிக்கொண்டு போவேன். ஏழு வருஷம்.

நேற்று அந்த வாடையோடு கிளம்பியவன் துறைமுகத்துக்குப் போகவில்லை. கால் உன் தெருவுக்குத் திரும்பியது. உன் அத்தா சன்னலுக்குப் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மெலிந்துவிட்டார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "வா, வா, நாஸ்டா துன்னியா?" என்றார். காது முழுதாகப் போய்விட்டிருந்தது. நான் தெருவிலேயே நின்றுகொண்டு, "கேட்டேன் அத்தா" என்றேன். அவர் சிரித்தார். "இன்னா?" என்றார். உரக்கச் சொன்னேன். எதிர்வீட்டுப் பெண்பிள்ளை எட்டிப் பார்த்தாள். அவருக்குக் கேட்கவில்லை.

பையிலிருந்து போல்ட்டை எடுத்தேன். சன்னல் கம்பியில் தட்டினேன். ஒன்று. இரண்டு. அவர் முகம் மாறியது. கையை நீட்டிக் கம்பியைப் பற்றிக்கொண்டார். ஐம்பது வருஷம் இரும்பைத் தட்டிய கை, அதற்குக் காது வேண்டியதில்லை. உதடு மெல்ல அசைந்தது, என்னோடு எண்ணினார். பத்து. இருபது. அவருக்கு நான் என்ன செய்கிறேன் என்று புரிந்திருக்க வேண்டும், உன் ஏணியைப் பற்றி நீயே அவரிடம் சொல்லியிருக்கிறாய். மகனின் அறுபதைத் தட்டிக்காட்ட வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தார். கண் நிறைந்துபோய்ச் சிரித்துக்கொண்டிருந்தார். முப்பத்து மூன்று. முப்பத்து நாலு.

நிறுத்தினேன்.

அவர் கையை எடுக்கவில்லை. "ம்" என்றார், மேலே தட்டு என்பதுபோல. நான் போல்ட்டைக் கீழே இறக்கிவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பு முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போயிற்று.

"முப்பத்தி நாலு" என்றார்.

தலையை ஆட்டினேன். இந்த முறை ஆமாம் என்று.

"கேட்டுச்சா ஒனக்கு?"

மறுபடியும் ஆட்டினேன். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். சித்தப்பாவைப்போல ஓங்கி ஒன்று விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இடையில் வந்து நிற்க நீ இல்லை. அவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார். "நான் சட்டுனு பூட்டான்னு இருந்தேன்" என்றார். என்னிடம் சொன்னதுபோல இல்லை. பிறகு சன்னலைச் சாத்தினார்.

நல்லதுதான் செய்தேனா, அவரிடம் மீதமிருந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டேனா என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும். வாயைத் திறந்து திட்டியும் இருக்கமாட்டாய்.

இன்று வேலைக்குப் போனேன். துரு தட்டுகிறவர்கள் என்னை எண்ணுகிற பைத்தியம் என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். எதிரே ஒரு பார்ஜில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நடுவில் நின்றது. எண்ணிக்கொண்டிருந்த மூட்டையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன், எப்போதும் ஓடுவதுபோல. ஓட்டையில் தலையை விட்டு, போல்ட்டால் விளிம்பில் தட்டினேன். கீழே ஒருவன் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். "இன்னா சார், ஒரு தம்மு கூட வுடமாட்டியா?" என்றான்.

ஏறி வா, மேலே வந்து குடி என்றேன். அவன் ஏறி வரும்வரை ஓட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து எண்ணினேன். எனக்கு இப்போதெல்லாம் ஒன்றிலிருந்து வருவதில்லை. முப்பத்தைந்திலிருந்துதான் வருகிறது.